மரணத்துக்கும் மறுமைக்கும் நடுவில்: குர்ஆன் என்ன சொல்கிறது?

தேடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முஸ்லிம் அல்ல. குர்ஆனின் தமிழாக்கத்தை முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறேன். சட்டம், வரலாறு, வாதம் என்று எதைப் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு மரணத்திலோ மறுமையிலோ வந்து நிற்கிறது. வேறு எந்த விஷயத்தையும் இந்த நூல் இவ்வளவு விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒரே இடத்தில் முழுப் படமும் கிடைக்கவில்லை. உயிர் பிரியும் நேரம் ஓர் அத்தியாயத்தில் இருக்கிறது, எழுப்பப்படுவது இன்னொன்றில், விசாரணை வேறொன்றில். இறந்ததற்கும் எழுப்பப்படுவதற்கும் நடுவில் உள்ள காலம் எனக்குத் தெளிவாகப் புரியவே இல்லை. எழுப்பப்பட்டவர்கள் "ஒரு நாளோ அதில் கொஞ்சமோதான் இருந்தோம்" என்று சொல்வதாகப் பல இடங்களில் வருகிறதே, அது ஏன்?

தெரிந்தவர்கள் விளக்குங்கள். எது குர்ஆனில் உள்ளது, எது ஹதீஸில் (நபியின் சொல், செயல் பற்றிய அறிவிப்புகளில்) உள்ளது என்று பிரித்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.


ஓதுபவன் எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. பிரித்துக் கேட்டது இன்னும் நல்லது. நம்மவர்களுக்கே பல நேரம் இரண்டும் கலந்துதான் நினைவில் இருக்கிறது.

முதலில் உயிர் பிரியும் நேரம். "ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுவைக்கும்" என்ற வாசகம் குர்ஆனில் மூன்று இடங்களில் வருகிறது (3:185, 21:35, 29:57; முதல் எண் அத்தியாயம், அடுத்தது வசனம்). நபிமார்களுக்கும் இதில் விலக்கு இல்லை. எங்கே இறப்போம் என்பது எந்த ஆத்மாவுக்கும் தெரியாது (31:34). உறுதியான கோட்டைகளுக்குள் இருந்தாலும் அது வந்து சேரும் (4:78).

அந்தக் கடைசி நிமிடங்களைக் குர்ஆன் மிக அருகில் நின்று காட்டுகிறது. 75ஆம் அத்தியாயத்தில் உயிர் காறை எலும்பு வரை வந்துவிட்டது. சுற்றி நிற்பவர்கள் "ஓதிப் பார்ப்பவர் யாராவது உண்டா?" என்று கேட்கிறார்கள். படுத்திருப்பவருக்கோ இது பிரிவுதான் என்று புரிந்துவிட்டது. கால் காலோடு பின்னிக்கொள்கிறது. "அந்த நாளில் இழுத்துச் செல்லப்படுவது உம் இறைவனிடம்தான்" என்று அந்தப் பகுதி முடிகிறது (75:26-30).

உயிரைக் கைப்பற்றுபவர் யார் என்பதற்கு, உங்கள் மீது பொறுப்பாக்கப்பட்ட மரண வானவர் என்று 32:11 சொல்கிறது. நம் தூதர்கள் கைப்பற்றுவார்கள் என்று பன்மையில் 6:61 சொல்கிறது. அல்லாஹ்வே கைப்பற்றுகிறான் என்று 39:42 சொல்கிறது. இவற்றுக்குள் முரண் இல்லை. கட்டளை அவனுடையது, நிறைவேற்றுபவர் மலக்குல் மவ்த் என்னும் அந்த மரண வானவர், அவருக்கு உதவியாக வேறு வானவர்கள். இஸ்ராயீல் என்ற பெயர் நம்மிடையே பிரபலம். ஆனால் அந்தப் பெயர் குர்ஆனில் எங்கும் இல்லை.

எல்லோருக்கும் அந்த நேரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நல்லவர்களிடம் வானவர்கள் "உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும், நீங்கள் செய்துவந்ததற்காகச் சுவர்க்கத்தில் நுழையுங்கள்" என்று சொல்லியபடி உயிரை எடுக்கிறார்கள் (16:32). மறுத்து நின்றவர்களின் முகத்திலும் முதுகிலும் அடித்தபடி எடுக்கிறார்கள் (8:50).

39:42ஐ மட்டும் நிதானமாகத் திரும்பப் படியுங்கள். இறப்பவரின் ஆத்மாவை மட்டுமல்ல, தூங்குபவரின் ஆத்மாவையும் அல்லாஹ் எடுத்துக்கொள்கிறான். மரணம் விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொள்கிறான், மற்றதைக் குறித்த தவணை வரை திருப்பி அனுப்புகிறான். தூக்கமும் மரணமும் அங்கே ஒரே வசனத்துக்குள் இருக்கின்றன.


உம்மு ஸஹ்ரா எழுதியது:

ஹஜ்ரத், 56ஆம் அத்தியாயத்தை விட்டுவிட்டீர்களே. உயிர் தொண்டைக் குழியை அடையும்போது நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று தொடங்கும் இடம். அடுத்து வருவது: "உங்களைவிட நாமே அவருக்கு அருகில் இருக்கிறோம், ஆனால் நீங்கள் காண்பதில்லை" (56:85).

உம்மாவின் கட்டில் பக்கத்தில் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஓடிக்கொண்டிருந்தது இந்த வசனம்தான். உண்மையில் அது மறுப்பவர்களுக்குச் சவால் விடும் இடம். முடிந்தால் அந்த உயிரைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அடுத்துக் கேட்கிறது. எனக்கு மட்டும் அன்று அது ஆறுதலாக இருந்தது. நான் எவ்வளவு நெருங்கி உட்கார்ந்தாலும் உம்மா போகும் இடத்துக்குக் கூடப் போக முடியாது. அந்த இடத்தில் வேறு ஒருவன் அருகில் இருக்கிறான் என்பது போதுமானதாக இருந்தது.


வினாக்குறி எழுதியது:

நடுக்காலத்தைப் பற்றி நான் வெகு நாளாகக் கேட்க நினைத்ததை இங்கே கேட்கிறேன். கப்ரு (மண்ணறை) வேதனை, முன்கர், நகீர் என்ற இரு வானவர்களின் விசாரணை இதையெல்லாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் குர்ஆனை நேரடியாக வாசித்தால் அந்தப் பெயர்களும் இல்லை, கப்ரில் விசாரணை என்று விரித்துச் சொல்லும் வசனமும் இல்லை. போதாததற்கு 36:52 இருக்கிறது. எக்காளம் ஊதப்பட்டதும் எழுந்து வருகிறவர்கள், "எங்களை எங்கள் உறங்குமிடத்திலிருந்து எழுப்பியவர் யார்?" என்று அலறுகிறார்கள். அதுவரை வேதனையில் இருந்தவர்கள் அதை உறங்குமிடம் என்பார்களா?

யாரையும் சீண்டுவதற்காகக் கேட்கவில்லை. மனதைக் குடைகிற கேள்வி.


ஓதுபவன் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. தயங்க வேண்டியதில்லை.

குர்ஆன் நேரடியாகச் சொல்வதிலிருந்து போகிறேன். மரணம் வந்ததும் ஒருவன், "இறைவா, என்னைத் திருப்பி அனுப்பு, விட்டு வந்ததில் நல்லது செய்கிறேன்" என்று கெஞ்சுகிறான். முடியாது என்று பதில் வருகிறது. "அவர்கள் எழுப்பப்படும் நாள் வரை அவர்களுக்குப் பின்னால் ஒரு திரை உண்டு" (23:99-100). இந்தத் திரைதான் பர்ஸக். இந்த உலகத்துக்குத் திரும்பவும் முடியாது, கியாமத் நாளும் (எல்லோரும் எழுப்பப்படும் நாள்) இன்னும் வரவில்லை.

அந்த நிலையில் என்ன நடக்கிறது என்பதற்குச் சில வசனங்கள் உண்டு. அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்பட்டவர்களை இறந்தவர்கள் என்று எண்ணாதீர்கள், அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், உணவளிக்கப்படுகிறார்கள் என்கிறது 3:169. மூஸா நபியை எதிர்த்த எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் கூட்டத்தார் காலையிலும் மாலையிலும் நெருப்பின் முன் கொண்டுவரப்படுகிறார்கள், கியாமத் நாளிலோ கடும் வேதனையில் புகுத்தப்படுவார்கள் என்கிறது 40:46. கவனியுங்கள், காலை மாலை என்பது கியாமத்துக்கு முந்தைய ஏதோ ஒன்றாகத்தான் இருக்க முடியும். கப்ரு வேதனைக்குக் குர்ஆனிலிருந்து அறிஞர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த வசனத்தைத்தான். நூஹ் நபியின் மக்கள் மூழ்கடிக்கப்பட்டார்கள், உடனே நெருப்பில் புகுத்தப்பட்டார்கள் என்று 71:25 சொல்வதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

விரிவான விவரங்கள் ஹதீஸில்தான் உள்ளன. இரண்டு கப்ருகளைக் கடந்துபோன நபி (ஸல்), உள்ளே இருப்பவர்கள் வேதனை செய்யப்படுகிறார்கள் என்று சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. ஒருவர் சிறுநீரிலிருந்து சுத்தமாக இருப்பதைப் பேணவில்லை. மற்றவர் கோள் சொல்லித் திரிந்தார். முன்கர், நகீர் என்ற பெயர்கள் திர்மிதி என்ற இன்னொரு தொகுப்பில் வருகின்றன. ஆகவே அஹ்லுஸ் ஸுன்னா (ஸுன்னி) அறிஞர்கள் இதை நம்பிக்கையின் பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். பழங்காலத்தில் முஃதஸிலாப் பிரிவினரில் சிலர் மறுத்ததும் உண்மை.

36:52க்கு விரிவுரையாளர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். 39:68இல் எக்காளம் இரண்டு முறை ஊதப்படுகிறது. முதல் ஊதலில் அனைவரும் மூர்ச்சித்து விழுகிறார்கள், இரண்டாவதில் எழுகிறார்கள். இவற்றுக்கு நடுவில் வேதனை நிறுத்தப்பட்டு உறங்கினார்கள் என்பது ஒரு பதில். எழுந்ததும் கண்முன் நிற்கும் பயங்கரத்தைப் பார்த்தபோது முந்தையது எல்லாம் உறக்கம் போலத் தோன்றியது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது பொருத்தமாகப் படுகிறது.


பழைய வாசகர் எழுதியது:

தேடல் கேட்ட நேரம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. குர்ஆனில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் அது என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுப்பப்பட்டவர்கள் சொல்லும் கணக்குகளை வரிசையாகப் பாருங்கள். "ஒரு நாள் அல்லது ஒரு நாளில் சிறிது, எண்ணுபவர்களிடம் கேள்" (23:113). ஒரு நாழிகைக்கு மேல் தங்கவில்லை என்று குற்றவாளிகள் சத்தியமே செய்கிறார்கள் (30:55). பத்து நாள்தான் என்று தங்களுக்குள் கிசுகிசுக்கிறார்கள், அவர்களில் தெளிவானவன் ஒரே ஒரு நாள்தான் என்கிறான் (20:103-104). ஒரு மாலைப் பொழுதோ அதன் காலைப் பொழுதோ (79:46). ஒருவர் சொல்வதும் மற்றவரோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் எல்லோரும் மிகக் குறைவு என்றே சொல்கிறார்கள்.

இந்த உலகத்திலேயே அதற்கு இரண்டு மாதிரிகளையும் குர்ஆன் வைத்திருக்கிறது. ஒன்று 2:259. கூரைகள் சரிந்து பாழாய்க் கிடந்த ஓர் ஊர் வழியாக ஒருவர் போகிறார். "இது செத்துப்போன பிறகு அல்லாஹ் எப்படி இதை உயிர்ப்பிப்பான்?" என்று கேட்கிறார். அல்லாஹ் அவரை நூறு ஆண்டுகள் இறந்த நிலையில் வைத்து எழுப்புகிறான். எவ்வளவு நாள் இருந்தாய் என்று கேட்டதும் அவர் சொல்வது அதே பதில்தான்: ஒரு நாள், அல்லது ஒரு நாளில் சிறிது. இல்லை, நூறு ஆண்டுகள். பக்கத்தில் உணவும் பானமும் கெடாமல் இருக்கின்றன. கழுதையைப் பார் என்கிறான், எலும்புகளைப் பார் என்கிறான், அவற்றை எப்படிச் சேர்த்து நிறுத்திச் சதை போர்த்துகிறோம் என்று காட்டுகிறான். (அவர் உஸைர் நபி என்று பல விரிவுரைகளில் உண்டு, குர்ஆன் பெயர் சொல்லவில்லை.) உணவுக்கு ஒரு நேரமும் கழுதைக்கு இன்னொரு நேரமும் ஓடியிருக்கிறது. ஒரே இடம், ஒரே நூறு ஆண்டு.

இன்னொன்று குகைவாசிகள். முந்நூறு ஆண்டுகளும் மேலும் ஒன்பதும் உறங்கியவர்கள் (18:25). எழுந்ததும் அவர்களும் ஒரு நாளோ அதில் சிறிதோ என்கிறார்கள் (18:19).

நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன். கியாமத் எப்போது என்று ஒருவரும் சொல்ல முடியாது. அது தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் இறப்பவரைப் பொறுத்தவரை தூரம் என்பதே இல்லை. கண்ணை மூடுகிறார், திறக்கிறார், மஹ்ஷர் என்னும் விசாரணை மைதானத்தில் நிற்கிறார்.


வினாக்குறி எழுதியது:

அப்படியானால் பர்ஸகில் வேதனை, இன்பம் என்பதெல்லாம் எப்படி? ஒரு நாள் போலத் தோன்றும் காலத்துக்குள்ளா?


பழைய வாசகர் எழுதியது:

ஆமாம், அப்படியும் இருக்கலாம். கெட்ட கனவு கண்டு விழித்தவனுக்கு இரவு எவ்வளவு நீளம் என்று தெரியாது. ஆனால் கனவில் பட்ட பயம் பொய் இல்லை. இதற்கு மேல் பர்ஸகின் கடிகாரத்தை நாம் படிக்க முடியாது. குர்ஆன் சொன்ன அளவோடு நின்றுகொள்வதே சரி என்று நினைக்கிறேன்.


தேடல் எழுதியது:

இந்தப் பதில்களுக்காகவே இங்கே எழுதியது பயனுள்ளதாகிவிட்டது. இன்னொரு சந்தேகம். மீண்டும் எழுப்பப்படுவோம் என்று குர்ஆன் அறிவித்துவிட்டுப் போகாமல் அதற்காக இவ்வளவு வாதாடுகிறதே, ஏன்? மழை, செத்த நிலம், விந்துத்துளி என்று திரும்பத் திரும்ப வருகிறது.


ஓதுபவன் எழுதியது:

எதிரில் இருந்தவர்கள் அப்படி. மக்காவாசிகள் அல்லாஹ்வைப் படைத்தவனாக ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்குத் தொண்டையில் சிக்கியது மறுமைதான். "இந்த உலக வாழ்க்கை தவிர வேறில்லை, இறக்கிறோம், வாழ்கிறோம், காலம்தான் நம்மை அழிக்கிறது" என்று அவர்கள் சொன்னதைக் குர்ஆனே பதிவு செய்கிறது (45:24). ஒருவர் மக்கிய எலும்பைக் கொண்டுவந்து நபியின் முன் நொறுக்கி ஊதி, இதையா உயிர்ப்பிப்பான் என்று கேட்டதாக விரிவுரைகளில் வருகிறது. அதற்கான பதில்தான் 36ஆம் அத்தியாயமான யாஸீனின் கடைசிப் பகுதி. "முதல் முறை அதை உண்டாக்கியவனே உயிர்ப்பிப்பான்" (36:79). அந்தக் கேள்வி கேட்டவன் தன் சொந்தப் படைப்பை மறந்துவிட்டான் என்று முந்தைய வசனம் சொல்கிறது. கல்லாகவோ இரும்பாகவோ ஆகிவிடுங்கள், அப்போதும் எழுப்பப்படுவீர்கள் என்று 17:50-51 இன்னும் அழுத்திச் சொல்கிறது. எலும்புகளைச் சேர்க்க மாட்டோம் என்று நினைக்கிறானா, அவன் விரல் நுனிகளைக்கூடச் சரியாக அமைக்க நாம் ஆற்றலுள்ளவர்கள் என்கிறது 75:3-4.

மறுத்தவர்களுக்கு ஒரு தொனி, தேடியவருக்கு வேறு தொனி என்பதையும் பாருங்கள். இப்ராஹீம் நபி, "இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு" என்று கேட்கிறார். நம்பவில்லையா என்று அல்லாஹ் கேட்க, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறவே கேட்கிறேன் என்கிறார் (2:260). அதற்குக் கோபம் இல்லை. நான்கு பறவைகளை எடு, பழக்கு, பகுதி பகுதியாக மலைகளின் மேல் வை, பிறகு கூப்பிடு, விரைந்து உன்னிடம் வரும் என்று வழி சொல்லப்படுகிறது. நம்பிக்கை உள்ளவருக்கும் இந்த விஷயத்தில் மனம் அடங்கக் கொஞ்சம் காட்சி தேவைப்படலாம் என்பதற்கு அல்லாஹ்வின் நண்பர் என்று பெயர் பெற்றவரே சாட்சி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

விசாரணை பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் அந்த வசனங்களில் எனக்குத் தனி ஈடுபாடு.

ஒவ்வொரு மனிதனுக்கும் விரித்த நிலையில் ஓர் ஏடு கொடுக்கப்படும். "உன் ஏட்டைப் படி, இன்று உனக்குக் கணக்குப் பார்க்க நீயே போதும்" (17:14). வேறு யாரும் வாசித்துக் காட்டப் போவதில்லை. படித்துப் பார்த்தவர்கள் சொல்வது 18:49இல் இருக்கிறது: இது என்ன ஏடு, சிறியதையும் பெரியதையும் விடாமல் எண்ணி வைத்திருக்கிறதே! வலக்கையில் வாங்கியவன், "இந்தாருங்கள், என் ஏட்டைப் படித்துப் பாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறான் (69:19). இடக்கையில் வாங்கியவன், இது எனக்குக் கொடுக்கப்படாமலே இருந்திருக்கக் கூடாதா, என் செல்வம் எனக்கு உதவவில்லையே என்கிறான்.

தராசு உண்டு, கடுகளவு இருந்தாலும் கொண்டுவரப்படும் (21:47). வாய்க்கு முத்திரை இடப்பட்டுக் கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் (36:65). எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடிப்பது 80:34-37தான். அன்று மனிதன் தன் சகோதரனிடமிருந்தும், தாய் தந்தையிடமிருந்தும், மனைவி மக்களிடமிருந்தும் ஓடுவான். பகைவனிடமிருந்து அல்ல. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார், மனிதனுக்கு அவன் முயன்றதைத் தவிர வேறில்லை (53:38-39). முதலில் படைத்தது போலத் தனித்தனியாகவே வந்துவிட்டீர்கள் என்று சொல்லப்படும் (6:94).

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அந்தக் கணக்கில் குர்ஆன் முன்னால் வைப்பவை பல நேரம் மிகச் சாதாரணமான விஷயங்கள். 83ஆம் அத்தியாயம் அளவில் குறைப்பவர்களோடு தொடங்குகிறது. வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்கள், தாங்கள் எழுப்பப்படுவோம் என்று எண்ணவில்லையா என்று கேட்கிறது. தீர்ப்பு நாளைப் பொய்யாக்குபவன் யார் என்று 107 கேட்டு, அநாதையைத் தள்ளுபவன், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவன் என்று பதில் சொல்கிறது. நரகத்தில் இருப்பவர்களிடம் உங்களை இங்கே கொண்டுவந்தது எது என்று கேட்டால், தொழவில்லை என்பதோடு ஏழைக்கு உணவளிக்கவில்லை என்றும் சொல்கிறார்கள் (74:42-44). மறுமை நம்பிக்கை என்பது தராசுத் தட்டிலும் அநாதையின் தோளிலும் தெரிய வேண்டிய ஒன்றாக இங்கே இருக்கிறது.


உம்மு ஸஹ்ரா எழுதியது:

முயன்றதைத் தவிர வேறில்லை என்றால், நான் உம்மாவுக்காகச் செய்யும் துஆ (பிரார்த்தனை) போய்ச் சேருமா? 53:39ஐக் காட்டி ஒருவர் சேராது என்று சொன்னார். அன்றிலிருந்து மனம் சரியில்லை.


ஓதுபவன் எழுதியது:

சேரும் சகோதரி. இதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து உண்டு. துஆ செய்யச் சொல்லிக் கற்றுக்கொடுத்ததே குர்ஆன்தான். "சிறு வயதில் என்னை வளர்த்தது போல அவர்கள் இருவருக்கும் இரக்கம் காட்டு" (17:24). நமக்கு முன் ஈமானோடு (இறைநம்பிக்கையோடு) சென்றவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்பவர்களை 59:10 பாராட்டுகிறது. இறைவனின் அரியணையான அர்ஷைச் சுமக்கும் வானவர்களே நம்பிக்கையாளர்களுக்காகவும், அவர்களின் பெற்றோர், துணைவர், சந்ததி ஆகியோரில் நல்லவர்களுக்காகவும் கேட்கிறார்கள் (40:7-8). பயன் இல்லாத ஒன்றை இத்தனை இடங்களில் சொல்லித்தர மாட்டான்.

மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர: தொடரும் தர்மம், பயன்படும் கல்வி, அவனுக்காகத் துஆ செய்யும் நல்ல பிள்ளை. இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். உங்களை வளர்த்தது உம்மாவின் முயற்சி இல்லையா? ஆகவே 53:39க்கு இது முரணே அல்ல. நபித்தோழர் ஸஅத் பின் உபாதா (ரலி) வெளியே போயிருந்தபோது அவருடைய தாய் இறந்துவிட்டார். அவர் சார்பில் தர்மம் செய்தால் பயன் உண்டா என்று நபியிடம் கேட்டார். உண்டு என்ற பதில் வந்ததும் தன் தோட்டத்தையே தாயின் பெயரில் தர்மமாக்கினார். புகாரியில் இருக்கிறது. குர்ஆன் ஓதி நன்மையைச் சேர்த்துவைப்பது போன்ற சில விஷயங்களில்தான் மத்ஹபுகளுக்குள் (சட்டப் பள்ளிகளுக்குள்) கருத்து வேறுபாடு. துஆவிலும் தர்மத்திலும் இல்லை.

52:21ஐயும் வாசியுங்கள். ஈமானில் பின்தொடர்ந்த பிள்ளைகளைப் பெற்றோருடன் சேர்த்துவைப்போம், அதற்காக அவர்கள் செயல்களில் எதையும் குறைக்க மாட்டோம் என்று சொல்கிறது.


உம்மு ஸஹ்ரா எழுதியது:

ஜஸாகல்லாஹு கைரன் ஹஜ்ரத். இது போதும்.


தேடல் எழுதியது:

இதைக் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டுவிடுகிறேன். என் பாட்டி முஸ்லிம் அல்ல. யாருக்கும் தீங்கு நினைக்காத மனுஷி. இஸ்லாம் என்றால் என்ன என்றே அவருக்குச் சரியாகத் தெரியாது. நரகம் பற்றிய வசனங்களை வாசிக்கும்போது அவர் முகம்தான் வருகிறது. தோல் கருகக் கருக வேறு தோல் மாற்றுவோம் என்ற 4:56ஐ வாசித்த அன்று நூலை மூடி வைத்துவிட்டேன்.


ஓதுபவன் எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். அந்த வசனத்தின் கடுமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது பயமுறுத்துவதற்காகவே சொல்லப்பட்டது. உண்மை தெளிவாகத் தெரிந்தும் மறுத்து நின்றவர்களைப் பற்றியது அது.

உங்கள் பாட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கோ இங்குள்ள யாருக்குமோ உரிமை இல்லை. ஆனால் குர்ஆன் தரும் அடிப்படைகள் இருக்கின்றன. "தூதரை அனுப்பாத வரை நாம் வேதனை செய்வதில்லை" (17:15). "அல்லாஹ் அணுவளவும் அநீதி செய்ய மாட்டான்" (4:40). இந்த அடிப்படையில்தான் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) முஸ்லிமல்லாதவர்களை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பேசினார். நபியின் பெயரே எட்டாதவர்கள், சிதைந்த வடிவில் மட்டும் கேள்விப்பட்டவர்கள், உள்ளபடி அறிந்தும் மறுத்தவர்கள். முதல் இரண்டு நிலையினருக்கு அல்லாஹ்வின் அருள் கிடைக்கும் என்றே அவர் நம்பினார். எல்லா அறிஞர்களும் அவரைப் போலச் சொல்லவில்லை. ஆனால் ஓரத்தில் நின்ற ஒருவரின் கருத்து என்று ஒதுக்கவும் முடியாது.

ஈஸா நபி (இயேசு) மறுமையில் தம் மக்களைப் பற்றிச் சொல்வதாக ஒரு வசனம் உண்டு: "நீ அவர்களைத் தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள், மன்னித்தால் நீ வல்லவன், ஞானமிக்கவன்" (5:118). நபி (ஸல்) ஓர் இரவு முழுக்க விடியும் வரை இந்த ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதித் தொழுதார்கள் என்று அபூதர் (ரலி) அறிவிக்கிறார். மற்றவர்களின் முடிவை நினைக்கும்போது நான் நிற்கும் இடம் அதுதான்.


வினாக்குறி எழுதியது:

நரகம் முடிவே இல்லாததா என்பதிலும் பேச்சு உண்டு அல்லவா? 11:107இல் "உம் இறைவன் நாடியதைத் தவிர" என்று ஒரு விலக்கு வருகிறது. அடுத்த வசனத்தில் சுவர்க்கத்துக்கும் அதே விலக்கு, ஆனால் "அறுபடாத கொடை" என்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. நரகத்துக்கு அப்படிச் சேர்க்கவில்லை. இப்னுல் கய்யிம் என்ற அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார் என்று அறிகிறேன்.


ஓதுபவன் எழுதியது:

ஆராய்ந்திருக்கிறார், நரகம் ஒருநாள் முடிவுக்கு வரும் என்ற கருத்தின் ஆதாரங்களையும் எடுத்து வைத்திருக்கிறார். பெரும்பான்மையான அறிஞர்கள் ஏற்கவில்லை. மறுத்தவர்களுக்கு அது நிரந்தரம் என்பதே அவர்கள் முடிவு, ஏனென்றால் "அதில் என்றென்றும் இருப்பார்கள்" என்று வேறு இடங்களில் தெளிவாக உள்ளது (33:65 போல). ஈமான் உள்ள பாவிகள் கடைசியில் வெளியே வருவார்கள் என்பதில் அஹ்லுஸ் ஸுன்னாவுக்குள் வேறுபாடு இல்லை.


பழைய வாசகர் எழுதியது:

நரகத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுச் சுவர்க்கத்தைச் சொல்லாமல் விட வேண்டாம்.

நீர், பால், மது, தேன் ஆறுகள் (47:15) எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவை வேறு. "அவர்கள் நெஞ்சங்களில் இருந்த பகையை அகற்றிவிடுவோம், சகோதரர்களாய்க் கட்டில்களில் எதிரெதிரே இருப்பார்கள்" (15:47). நல்லவர்கள் என்று சொல்லப்படுபவர்களின் நெஞ்சிலும் பகை இருந்திருக்கிறது, அதை எடுத்த பிறகே அது சுவர்க்கமாகிறது. அங்கே வீண் பேச்சு கேட்காது, ஸலாம் ஸலாம் என்பது மட்டுமே கேட்கும் (56:25-26). உள்ளே போனவர்கள் முதலில் நன்றி சொல்வது, "எங்களை விட்டுக் கவலையைப் போக்கிய அல்லாஹ்வுக்கே புகழ்" என்று (35:34). தோட்டங்களையும் மாளிகைகளையும் சொன்ன பிறகு, அல்லாஹ்வின் திருப்தி இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என்கிறது 9:72. கண் குளிர என்ன மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை எந்த ஆத்மாவும் அறியாது (32:17). ஆகவே நாம் வாசிக்கும் வருணனைகள் எல்லாம் அதன் வாசற்படி வரைதான்.


தேடல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாட்டி பற்றிய பதிலை மீண்டும் மீண்டும் வாசித்தேன். கடைசியாக ஒன்று. இதை எல்லாம் நம்புகிற ஒருவர் நாளைக் காலை எழுந்து எதை வித்தியாசமாகச் செய்வார்?


கணக்குப்பிள்ளை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். 63:10ஐ எடுங்கள். மரணம் வந்துவிட்ட ஒருவன் இறைவனிடம் கொஞ்சம் தவணை கேட்கிறான். எதற்கு? "தர்மம் செய்வேன், நல்லவர்களில் ஒருவனாவேன்." தவணை மறுக்கப்படுகிறது (63:11). அவன் கேட்டது அன்று காலை அவன் கையில் இருந்தது.

அப்புறம், மரண சாசனம். வாரிசுப் பங்குகளைப் பிரிக்கும் 4:11-12இல், "மரண சாசனமும் கடனும் போக" என்ற நிபந்தனை நான்கு முறை வருகிறது. வஸிய்யத்து (மரண சாசனம்) செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கக் கூடாது என்பது புகாரி, முஸ்லிமில் உள்ள ஹதீஸ். ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) நோயில் படுத்திருந்து சொத்து முழுவதையும் தர்மம் செய்யக் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்கு போதும், அதுவே அதிகம் என்று நபி சொன்னார்கள். வாரிசுகளைக் கையேந்த விடாதே என்பது காரணம்.

கடன் இன்னும் கடுமையான விஷயம். நம்பிக்கையாளரின் ஆத்மா கடன் தீரும் வரை அதோடு தொங்கி நிற்கும் என்று திர்மிதியில் உள்ளது. எனவே நாளைக் காலை ஒரு தாளை எடுத்து, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் காட்டி வைப்பது முதல் வேலை. வர வேண்டியதையும் எழுதுங்கள். 2:280 கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுக்கச் சொல்கிறது, விட்டுக்கொடுத்தால் அது இன்னும் நல்லது என்கிறது. 2:282 கடனை எழுதி வைப்பது பற்றியது, குர்ஆனிலேயே நீளமான வசனம். இரண்டுக்கும் நடுவில் 2:281 இருக்கிறது: "அல்லாஹ்விடம் நீங்கள் திருப்பிக் கொண்டுவரப்படும் நாளை அஞ்சிக்கொள்ளுங்கள்." குர்ஆனில் கடைசியாக இறங்கியது இந்த வசனம்தான் என்று இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.